குவாரியும் பெல்ட்டும் மூன்று நிமிடமும்: ஜப்பான் நாட்குறிப்பு

சனி, நகானோ

ஷிஞ்சுகுவிலிருந்து சூவோ விரைவு ரயிலில் அடுத்த நிறுத்தமே நகானோ. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் கூரை போட்ட கடைத்தெரு, அது முடியும் இடத்தில் நகானோ பிராட்வே. 1966-இல் கட்டிய கட்டடம். மேல் மாடிகளில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், கீழ் மாடிகள் முழுக்கக் கடைகள். பழைய காமிக்ஸ் விற்கும் சின்னக் கடையாக 1980-இல் இங்கே தொடங்கிய மண்டராகே இப்போது மாடிக்கு மாடி பரவிக் கிடக்கிறது. ஒரு அறையில் ரப்பர் அரக்கர்கள், ஒரு அறையில் தகர ரோபோக்கள், இன்னொன்றில் பெல்ட் மட்டும்.

இந்தப் பயணமே தொகுசாட்சுவுக்காகத்தான். ரப்பர் உடை, பொம்மை நகரம், நிஜ வெடி, முகமூடிக்குள் ஒரு மனிதன் என்று ஜப்பானில் எடுக்கும் படங்கள், தொடர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்தப் பெயர். நம் ஊரில் ஜெட்டிக்ஸ் காலத்தில் தமிழ் பேசிய பவர் ரேஞ்சர்ஸைப் பார்த்தவர்களுக்கு இது அசல் பூர்வீக வீடு. அமெரிக்கப் பள்ளிக்கூடக் காட்சிகளை மட்டும் புதிதாக எடுத்து, முகமூடிச் சண்டைகளை ஜப்பானியத் தொடரிலிருந்து வெட்டி ஒட்டித்தான் 1993-இல் பவர் ரேஞ்சர்ஸ் ஆரம்பித்தது. அதற்கும் முந்தைய தலைமுறை தூர்தர்ஷனில் பார்த்த ‘ஜயன்ட் ரோபோட்’ 1967-இல் தோயே நிறுவனம் எடுத்தது. நாம் நினைப்பதைவிட ரொம்பக் காலமாகவே இந்த ஆட்கள் நம் வீட்டுக்குள் இருக்கிறார்கள்.

தங்கை நிஷி-கசாயில் இருக்கிறாள். தோக்கியோவில் நம்மவர்கள் அதிகம் குடியிருக்கும் பகுதி அது. என் ஆர்வத்தில் அவளுக்குப் பங்கு கிடையாது, மொழி தெரிந்தவள் என்பதால் கூட இழுத்து வந்திருக்கிறேன். காமென் ரைடர் என்பவன் இடுப்பு பெல்ட்டால் உருமாறி பைக்கில் வரும் முகமூடி நாயகன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த எழுபதுகளின் காமென் ரைடர் பெல்ட் ஒன்றின் விலையைப் படித்துவிட்டு, “அண்ணா, இது என் ஒரு மாச வாடகை. நீ அந்தப் பக்கம் போய் நில்லு” என்றாள். பாப்பி என்ற கம்பெனி விட்ட அந்த பெல்ட்டில் நடுவே விளக்கு எரியும், காற்றாடி சுற்றும். அதற்கு முன் வந்த வேறொரு கம்பெனி பெல்ட் எரியாது, சுற்றாது. பிள்ளைகள் எதைக் கேட்டு அடம் பிடித்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. இன்று அந்தப் பிள்ளைகளுக்கும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் பெரியவர் இடுப்பு அளவிலேயே பெல்ட் செய்து விற்கிறார்கள். போணியும் ஆகிறது.

நான் தேடிப்போனது வேறு: லியோபார்டன். தோயேயின் ஸ்பைடர்மேன் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். தோயேயும் மார்வெலும் ஒருவர் கதாபாத்திரத்தை மற்றவர் பயன்படுத்தலாம் என்று ஒப்பந்தம் போட்டதில் பிறந்த தொடர் அது. 1978 மே 17 முதல் ஓடியது. அதில் பீட்டர் பார்க்கர் இல்லை. தகுயா யமாஷிரோ என்ற பைக் பந்தயக்காரன். சிலந்தி கடித்து அல்ல, வேற்றுக்கிரகவாசி ஒருவர் செலுத்திய ரத்தத்தில் அவனுக்குச் சக்தி வருகிறது. அவனிடம் ஒரு விண்கலம் உண்டு, அது மாபெரும் ரோபோவாக மாறும். அந்த ரோபோதான் லியோபார்டன். எவ்வளவு பெரிய அரக்கன் வந்தாலும் வாளை ஒரு தடவை எறிந்தால் சண்டை முடிந்துவிடும்.

இந்த ஸ்பைடர்மேன் எதிரி முன்னால் வந்து நின்றதும் தன்னை அறிமுகம் செய்துகொள்வான். வழக்கமாக “நரகத்திலிருந்து வந்த தூதன், ஸ்பைடர்மேன்!” ஒரு தடவை காளான் பறிக்கப் போன இடத்தில் சண்டை வந்ததால் “காளான் பறிக்கும் மனிதன், ஸ்பைடர்மேன்!” அதையும் அதே வீராப்போடு, அதே கைவீச்சோடு சொல்வான். முப்பது வருடம் கழித்து நிகோநிகோ என்ற ஜப்பானிய வீடியோ தளத்து ஆட்கள் இதைக் கண்டெடுத்து, வெட்டி, பாட்டோடு கலந்து, தொடரை ஒரு எபிசோடுகூடப் பார்க்காதவர்களுக்கும் மனப்பாடம் ஆக்கிவிட்டார்கள். பிறகு மார்வெலே லியோபார்டனைத் தன் காமிக்ஸில் சேர்த்துக்கொண்டது.

சிரிப்புக்கு நடுவே ஒரு விஷயம் மறந்துபோகும். லியோபார்டன் பொம்மை நன்றாக விற்றது. அடுத்த வருடமே, 1979-இல், ‘பேட்டில் ஃபீவர் ஜே’ என்ற தொடரில் வண்ண உடை அணிக்கும் ஒரு மாபெரும் ரோபோ கொடுத்தார்கள். அன்றிலிருந்து சூப்பர் சென்டாயில், அதாவது பவர் ரேஞ்சர்ஸ் வெட்டி ஒட்டிய அந்த வண்ண அணித் தொடர் வரிசையில், ரோபோ இல்லாதது கிடையாது. பவர் ரேஞ்சர்ஸின் மெகாஸோர்ட் ரோபோவுக்கு வேர் தேடிப்போனால் ஒரு ஸ்பைடர்மேனிடம் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

லியோபார்டன் பெட்டியோடு இருந்தது. விலைச்சீட்டைத் தங்கை தன் கையால் மறைத்துக்கொண்டாள்.

ஞாயிறு, சுய்தோபாஷி

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு டிவி ஆசாஹியில் காமென் ரைடர், ஒன்பதரைக்கு (2026 தொடக்கம் வரை) சூப்பர் சென்டாய். உப்புமா தட்டோடு உட்கார்ந்து பார்த்தோம். பாதி சுகம் டிவியில், மீதி கைப்பேசியில். ஒளிபரப்பு நடக்கும்போதே நாடு முழுக்க ஆட்கள் எழுதித் தள்ளுகிறார்கள். 2022-இல் ‘டான்பிரதர்ஸ்’ ஓடிய காலத்தில் கதை எங்கே போகிறது என்று யாருக்கும் பிடிபடாமல், அந்தக் குழப்பமே ஞாயிறுதோறும் டிரெண்டிங்கில் வந்தது. அந்த அணியில் பிங்க் ஓர் ஆண். அலுவலகம் போய்வரும், மனைவி மேல் உயிரையே வைத்திருக்கும் சம்பளக்காரர். சின்ன வயதில் நானும் தங்கையும் ரேஞ்சர்ஸ் விளையாடியபோது பிங்க் யார் என்ற சண்டையே வந்தது கிடையாது, அவளுக்கு வேறு வழியே விட்டதில்லை. இதைச் சொன்னதும், “பார்த்தியா, அப்பவே நீ எடுத்திருக்கலாம்” என்றாள்.

2004-இல் வந்த ‘காமென் ரைடர் பிளேட்’ இன்னொரு வகை. முதல் வாரத்திலேயே நாயகன், “உண்மையிலேயே எங்களுக்குத் துரோகம் செய்துவிட்டீர்களா?” என்று கத்துகிறான். கத்தின வேகத்தில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. இணையத்து ஆட்கள் காதில் விழுந்ததை விழுந்தபடியே எழுதிவைத்து, அதற்கு ஒரு தனி மொழியென்றே பேர் சூட்டிவிட்டார்கள். கேலி கேலியாகவே நின்றிருந்தால் தொடர் மறந்துபோயிருக்கும். கேலி செய்ய வந்தவர்கள் முடிவு வரை பார்த்தார்கள், முடிவு அவர்களை அழவைத்தது.

அப்புறம் தோக்கியோ டோம் சிட்டிக்குப் போனோம். பழைய கொராகுவென் பூங்கா. எழுபதுகளிலிருந்தே இங்கே சென்டாய் மேடை நிகழ்ச்சி நடந்து வந்திருக்கிறது. “கொராகுவென் பூங்காவில் என்னோடு கை குலுக்க வா!” என்று தொடரின் நாயகனே டிவி விளம்பரத்தில் கூப்பிடுவார். அந்த ஒரு வரியைச் சொன்னால் இங்கே இரண்டு மூன்று தலைமுறை ஆட்கள் சிரிக்கிறார்கள். முன்பு திறந்தவெளி அரங்கு. 2009 முதல் ஜி-ரொஸ்ஸோ என்ற உள்ளரங்கு.

உள்ளே எங்களைத் தவிர எல்லாரும் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். இல்லை, தப்பு. தனியாக வந்த நாற்பது வயது ஆசாமிகள் கடைசி வரிசைகளில் அடக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் மேடைக்கு வந்து, கத்துவதற்குப் பயிற்சி கொடுத்தார். நீங்கள் கத்தாவிட்டால் நாயகர்கள் எழுந்திருக்க மாட்டார்கள் என்பதுதான் ஒப்பந்தம். வில்லனின் ஆட்கள் நடைபாதை வழியாகவே வந்தார்கள். என் பக்கத்து இருக்கைப் பையன் அம்மாவின் மடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அங்கிருந்தபடியே “கம்பாரே!” என்று ஊக்கக் குரல் கொடுத்தான். பயமும் கடமையும் ஒன்றாக.

எனக்குக் கண் முழுக்க உடைக்குள் இருந்தவர்கள் மேல்தான். முகமூடியின் முகம் அசையாது. டிவியில் குரலைக்கூடப் பிறகு வேறொருவர்தான் கொடுப்பார். கோபம், தயக்கம், கிண்டல் எல்லாவற்றையும் கழுத்தும் தோளும் விரலும் சொல்லியாக வேண்டும். இங்கே அவர்களுக்கு சூட் ஆக்டர் என்று பெயர். ஷினிச்சி சிபா 1970-இல் தொடங்கிய ஜப்பான் ஆக்‌ஷன் கிளப், இன்றைய பெயரில் ஜப்பான் ஆக்‌ஷன் என்டர்பிரைஸ், இப்படிப்பட்டவர்களைப் பழக்கியெடுத்த பட்டறை. அங்கிருந்து வந்த செய்ஜி தகாய்வா 2001 முதல் 2019 வரை, ஒரே ஒரு வருடம் தவிர, அத்தனை வருடத்துத் தலைமை காமென் ரைடரும் அவர்தான். 2007-இன் ‘டென்-ஓ’வில் ஒரே நாயகனுக்குள் நான்கு பேர் மாறி மாறிப் புகுவார்கள்: ஒரு முரடன், ஒரு பசப்புக்காரன், ஒரு மல்யுத்த ஆள், ஒரு பொடியன். நாலு பேரின் நடையையும் தனித்தனியாக நடந்தவர் தகாய்வா ஒருவரே. குரலை அணைத்துவிட்டுப் பார்த்தாலும் உள்ளே இப்போது இருப்பவன் யார் என்று சொல்லிவிடலாம். நடிப்புக்கான விருதுகளை முகத்துக்கு மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது என் பழைய புகார்.

நிகழ்ச்சி முடிந்ததும் பக்கத்துப் பையன் மடியை விட்டு இறங்கி, வழியெல்லாம் போஸ் கொடுத்துக்கொண்டே போனான். வாசலில் நின்ற வேறொரு குழந்தை அதைப் பார்த்து அதையே செய்தது. இதற்குப் பெல்ட்டும் வேண்டாம், வைஃபையும் வேண்டாம்.

திங்கள், சொஷிகாயா-ஓகுரா

ஒதாக்யூ பாதையில் இந்த நிலையத்தில் ரயில் வருவதற்கு முன் ஒலிக்கும் மெட்டு, அரக்கர்களோடு மோதும் மாபெரும் வேற்றுக்கிரக நாயகன் அல்ட்ராமேனின் பாட்டு. வெளியே வந்தால் அல்ட்ராமேன் சிலை. கடைத்தெருவின் விளக்குக் கம்பங்களும் அவர் தலைதான். சுபுராயா புரொடக்‌ஷன்ஸ் முதலில் இருந்தது இந்தப் பக்கத்து கினுதாவில். அல்ட்ராமேனைத் தயாரித்த அந்தக் கம்பெனி இடம் மாறிப் போய்விட்டது, தெரு அவரை விடவில்லை. மளிகைக் கடை, பல் டாக்டர், முடிதிருத்தும் கடை எல்லாம் அவர் பார்வையில் நடக்கின்றன.

1966 ஜூலை 17-இல் முதல் அத்தியாயம். தோரு நரிதா வரைந்த உருவம், உடைக்குள் ‘பின் ஃபுருயா’ என்ற நடிகரின் உடம்பு. நீண்ட கை கால் என்பதற்காகவே ஃபுருயாவைப் பிடித்துப் போட்டார்கள். அல்ட்ராமேனால் பூமியில் மூன்று நிமிடம்தான் தாங்க முடியும், நேரம் ஆகும்போது நெஞ்சில் விளக்கு சிவப்பாகத் துடிக்கும். அந்த விளக்கு நரிதாவின் வரைபடத்தில் இல்லை, அவருக்குப் பிடிக்கவும் இல்லை. 2022-இல் வந்த ‘ஷின் அல்ட்ராமேன்’ படம் அவர் விருப்பப்படியே விளக்கில்லாத நெஞ்சோடு வந்தது. ஆனால் தெருவில் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது அவர் வேண்டாமென்ற விளக்கும் மூன்று நிமிடமும்தான்.

கூடவே அந்தக் கை. இடது கை படுக்கையாக, வலது கை நெட்டாக, இரண்டும் குறுக்கே சேர்ந்து நிற்கும் போஸ். கதிர் பாய்வதைப் பிலிமில் பிறகு வரைந்து சேர்க்க வேண்டும், அதுவரை கை ஆடக்கூடாது. ஒரு கை இன்னொன்றைத் தாங்கினால் ஆடாது. தொழில்நுட்பத் தேவைக்கு வைத்த கை அது. ஃபுருயா அதைக் கண்ணாடி முன் நின்று பழகினார். அடுத்த தொடரான ‘அல்ட்ரா செவனில்’ அவருக்கு முகம் தெரியும் வேடம் கிடைத்தது என்பது தனி ஆறுதல்.

‘ஷின் அல்ட்ராமே’னை எழுதிய ஹிதேயாக்கி அன்னோ மாணவப் பருவத்தில் கூட்டாளிகளோடு எடுத்த அல்ட்ராமேன் படம் ஒன்று உண்டு, 1983. முகமூடி கிடையாது. மூக்குக் கண்ணாடியோடு அவரே அல்ட்ராமேன், மேலே ஒரு ஜாக்கெட். சுற்றிலும் காகித வீடுகள். முதல் நிமிடம் சிரிப்பு வரும். அவர் கையைக் குறுக்கே வைக்கும்போது வராது.

செவ்வாய், இவாஃபுனே

“குவாரி பார்க்க லீவு போட முடியாது” என்று தங்கை சொல்லிவிட்டாள். தனியாகப் போனேன். ஒயாமாவில் ரயில் மாறி, ரியோமோ பாதையில் தோச்சிகி தாண்டி இறங்கினால் சின்ன ஸ்டேஷன். பாதி அறுத்தெடுத்த மலை எதிரே நிற்கிறது.

சென்டாய், ரைடர் பார்த்த யாருக்கும் இந்த இடம் தெரியும், பெயர்தான் தெரியாது. நகரத்தில் சண்டை நடக்கும். ஒரு உதை, ஒரு உருளல், எழுந்தால் எல்லாரும் கல்குவாரியில் இருப்பார்கள். எப்படி வந்தார்கள் என்று யாரும் கேட்கக்கூடாது. காரணம் எளிது. வெடி வைக்க அனுமதி வேண்டும், பக்கத்தில் வீடு கூடாது, தோக்கியோவிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பும் தூரமாக இருக்க வேண்டும். கல் எடுத்து முடித்த இவாஃபுனே மூன்றுக்கும் பொருந்தியது. இந்தப் ‘பழகிய குவாரி’ இங்கே ஒரு நிரந்தர நகைச்சுவை. நாயகர்கள் போல வேடம் போடும் காஸ்ப்ளே ஆட்கள் முதுகுக்குப் பின்னால் நிஜ வெடி வைத்துப் படம் எடுத்துக்கொள்ள இங்கே வருவதும் உண்டு.

குவாரிக்குள் நினைத்தபடி போக முடியாது, தடுப்பு உண்டு. நான் கோயில் வழியாக ஏறினேன். ஜிஸோ கோயிலுக்குக் கல்படிகள், அறுநூறு என்கிறார்கள், மூச்சு வாங்கியதில் நம்பிவிட்டேன். மேலிருந்து பார்த்தால் நெட்டுக்குத்தான பாறைச் சுவர். 2011 மார்ச் நிலநடுக்கத்தில் ஒரு பகுதி சரிந்துவிட்டது. நான் போன அன்று படப்பிடிப்பு எதுவும் இல்லை. ஒரு பெரியவர் நாயோடு வந்தார், அவ்வளவுதான். கேமரா வைக்கும் இடம் எது என்று கண்ணால் தேடிக் கண்டுபிடிப்பதில் ஒரு மணி நேரம் போனது. இதை ரசிக்கத் தனி மூளை வேண்டும், ஒத்துக்கொள்கிறேன்.

புதன், சுகாகவா

சுருக்கமாக எழுதுகிறேன், நாளைக்கு விடியற்காலை ரயில்.

எய்ஜி சுபுராயா 1901-இல் பிறந்த ஊர், ஃபுகுஷிமா மாநிலம். கோட்ஜில்லாவுக்கும் அல்ட்ராமேனுக்கும் பின்னால் நின்ற மனிதர். ஊர் 2013-இல் அல்ட்ராமேனின் சொந்த ஊரான எம்78 நெபுலாவோடு சகோதர நகர ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறது, நகராட்சி இதை விளையாட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. தெருவில் அரக்கர் சிலைகள். பள்ளி விட்ட பிள்ளைகள் கோமோரா என்ற அரக்கனின் வாலைத் தட்டிவிட்டுப் போகிறார்கள்.

நூலகமும் மற்ற வசதிகளும் சேர்ந்த ‘தெத்தே’ கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் அவர் அருங்காட்சியகம், கட்டணம் இல்லை. சுபுராயாவுக்கு விமானம் ஓட்ட ஆசை. ஹனேதா விமானப் பள்ளியில் சேர்ந்தார், பயிற்சியாளர் விபத்தில் இறந்ததும் பள்ளி மூடப்பட்டது. சினிமாவுக்கு வந்தது அதற்கப்புறம். கடலைக் காட்ட அவர் தண்ணீருக்குப் பதில் கடல்பாசிக் கூழைப் பயன்படுத்தினார், அலை அப்படியே உறைந்து நிற்கும். ஊருக்கு வெளியே 2020-இல் திறந்த தொகுசாட்சு காப்பகத்தில் மினியேச்சர் வீடுகளும் டாங்கிகளும் அடுக்கடுக்காக இருக்கின்றன. இடிப்பதற்கென்று செய்தவற்றில் இடிபடாமல் தப்பியவை. குனிந்து ஒரு பொம்மைச் சமையலறைக்குள் பார்த்தால் உள்ளே பாத்திரம் இருக்கிறது, கேமரா கண்ணில் பட்டிருக்கவே வாய்ப்பில்லாத பாத்திரம்.

வியாழன், இஷினோமாகி

தங்கைக்கு ஒருவழியாக லீவு கிடைத்து, செண்டாய் நகரத்தில் வந்து சேர்ந்துகொண்டாள். இஷினோமாகி ஸ்டேஷனிலிருந்தே ‘சைபோர்க் 009’ என்ற மங்காவின் (ஜப்பானிய காமிக்ஸ்) நாயகர்கள் வரவேற்பு ஆரம்பம். காமென் ரைடரைப் படைத்த ஷோதாரோ இஷினோமோரி இதே மியாகி மாநிலத்து உள்நாட்டுப் பையன். பள்ளிக்கூடக் காலத்தில் சினிமா பார்க்க மூன்று மணி நேரம் சைக்கிள் மிதித்து இந்த ஊருக்கு வருவார். கொட்டகை ஆற்றின் நடுத் திட்டான நகாசேயில் இருந்தது. அவர் 1998-இல் இறந்தார், 2001-இல் அதே திட்டில் விண்கலம் போல வெள்ளையாக இந்த மங்கா அருங்காட்சியகம் எழுந்தது. 2011 சுனாமி கொட்டகையை அடித்துக்கொண்டு போய்விட்டது. இந்த ஊரில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேல் உயிர்கள். அருங்காட்சியகத்தின் கீழ்த்தளம் மூழ்கியது, ஓடி வந்தவர்கள் மேலே ஏறித் தப்பித்தார்கள். 2012 நவம்பரில் மறுபடி திறந்தார்கள்.

உள்ளே ரைடர்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் வெகுநேரம் நின்றோம். 1971 ஏப்ரல் 3-இல் ஓடத் தொடங்கியபோது ஹிரோஷி ஃபுஜியோகாவே வேடமும் போட்டு, உடையும் போட்டு, பைக்கும் ஓட்டினார். ஆரம்ப வாரங்களிலேயே படப்பிடிப்பில் பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டு இடது தொடை எலும்பு முறிந்தது. பழைய காட்சிகளை ஒட்டி, வேறு குரல் கொடுத்துச் சில வாரம் ஓட்டினார்கள். நாயகனைச் சாகடித்துவிடலாம் என்ற யோசனைகூட வந்தது. கடைசியில் பதினான்காம் வாரத்தில் தகேஷி சசாகியை இரண்டாம் ரைடராகக் கொண்டுவந்தார்கள். முதல் ரைடர் பைக்கில் பறக்கும்போது பெல்ட்டில் காற்று பட்டுத்தான் உருமாறுவார். சசாகிக்குப் பைக் லைசென்ஸ் இல்லை. நின்ற இடத்திலேயே மாறியாக வேண்டும். கையைப் பக்கவாட்டில் நீட்டி, சுழற்றி, “ஹென்ஷின்!” (உருமாற்றம்) என்று ஒரு கூச்சல். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பார்வையாளர்கள் கூடினார்கள், நாடு முழுக்கப் பள்ளிக்கூட மைதானங்களில் பிள்ளைகள் கையைச் சுழற்றினார்கள். பைக்கும் காற்றும் வேண்டும் என்றிருந்தவரை பார்க்க மட்டுமே முடிந்தது, கை மட்டும் போதும் என்றானதும் செய்ய முடிந்தது. எனக்குத் தெரிந்து ஒரு விஷயம் வைரல் ஆவதற்கு இதைவிடச் சுத்தமான விளக்கம் இல்லை. உயரத்திலிருந்து குதித்தும், ரைடர் உதை உதைத்தும் பிள்ளைகள் அடிபட்ட செய்திகளும் வந்தன. கால்பீ கம்பெனி இருபது யென்னுக்கு ரைடர் அட்டையோடு ஒரு தின்பண்டம் விட்டது. அட்டையை எடுத்துக்கொண்டு பண்டத்தைக் குப்பையில் போட்டார்கள், பத்திரிகைகள் தலையங்கம் அளவுக்குக் கவலைப்பட்டன. பெட்டி பிரிக்கும் வீடியோக்களைப் பார்த்து இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டுப்போனதாகப் பேசுகிறவர்களுக்கு அந்தக் குப்பைத்தொட்டியைக் காட்ட வேண்டும். அடுத்த வருடம் கால் சரியாகித் திரும்பி வந்த ஃபுஜியோகாவும் பைக்கை நம்பவில்லை. தனக்கென்று ஒரு போஸோடுதான் வந்தார்.

வெளியே ரைடர் சிலைக்குப் பக்கத்தில் தங்கையை நிற்கவைத்தேன். “ஆளுங்க பார்க்கறாங்க” என்றாள். யாரும் பார்க்கவில்லை, முன்னால் நின்ற குடும்பத்தில் தாத்தா உட்பட எல்லாரும் அதே வேலையாக இருந்தார்கள். செய்தாள், அதுவும் சசாகியின் போஸ், கை கோணம் சரியாக. எங்கே கற்றுக்கொண்டாள் என்று கேட்டதற்கு, அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும் என்றாள்.

படத்தைக் குடும்பக் குழுவில் போட்டேன். “எதுக்கு கையத் தூக்கிட்டு நிக்கறா, சாப்பிட்டாளா?” என்று அம்மா. ஐந்து நிமிடத்தில் பெரியப்பா பேரன் மதுரையிலிருந்து, மாடியில் துணி காயும் கொடிக்குக் கீழே, அதே போஸில் ஒரு படம் அனுப்பினான். கை தலைகீழாக இருக்கிறது என்று தங்கை அவனுக்குத் திருத்தம் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

போக நினைப்பவர்களுக்கு: செண்டாயிலிருந்து செண்செகி-தொஹோக்கு பாதை ரயிலைப் பிடியுங்கள், ஏறக்குறைய ஒரு மணி நேரம். செண்செகி பாதையில் போனால் மத்சுஷிமா கடல் தெரியும், நேரம் கூட ஆகும். செவ்வாய்க்கிழமை கிளம்பினால் அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இவாஃபுனேக்குத் தண்ணீர் பாட்டில் அவசியம்.